தலவாக்கலை ஓடையில் மரகதம் கிடைக்குமா?

தலவாக்கலைப் பக்கம் ஓடையோரத்தில் யாருக்காவது பச்சைக் கல் ஒன்று அகப்பட்டால், "இது மரகதமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இங்கேயே வளர்ந்த என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். அநேகமாக அது தோரமல்லியாகவோ பச்சை நிற நீலக்கல்லாகவோ இருக்கும். வெறும் போத்தல் துண்டாகவும் இருக்கலாம்.

மரகதம் உருவாக பெரிலியமும் குரோமியமும் ஓரிடத்தில் சேர வேண்டும். முன்னது கருங்கல் வகைப் பாறைகளோடு வருவது, பின்னது மக்னீசியம் மிகுந்த கரும்பாறைகளில் இருப்பது. இரண்டும் சந்திப்பது அபூர்வம். எகிப்தில், செங்கடலுக்கு அருகிலுள்ள சிக்கைத் மலைகளில் அப்படிச் சந்தித்தன. ரோமர் காலத்தில் அங்கே பாறையைக் குடைந்து மரகதம் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் சங்ககிரிப் பக்கமும் கிடைத்திருக்கிறது. இன்னொரு சிக்கல், மரகதம் கனமில்லாத கல். அதன் அடர்த்தி சுமார் 2.7, சாதாரண ஆற்றுமணலின் அடர்த்தி 2.65. ஆறு அதைத் தனியே பிரித்துச் சேர்த்து வைக்காது.

நீலக்கல்லின் கதை வேறு. அதன் அடர்த்தி 4. ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அண்டார்டிகா எல்லாம் ஒன்றாகி கோண்டுவானா உருவானபோது, நம் மலைகளின் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்தன. அலுமினியம் மிகுந்து சிலிக்கா குறைந்த இடங்களில் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் விளைந்தன. பிறகு பாறை உக்கியது, மழை அரித்தது. கனமான கற்கள் ஓடைப் பள்ளங்களில் களிமண்ணுக்கு அடியிலுள்ள பரல் படையில் தங்கின. இல்லம் என்று கல் தோண்டுபவர்கள் சொல்வது அந்தப் படையைத்தான்.

இது தேயிலைக்கு முந்திய தொழில். நுவரெலியாவைச் சுற்றிப் பழைய கல் குழிகள் கிடந்ததை சாமுவேல் பேக்கர் 1855இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார்.

இன்று குழி வெட்ட, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குக் காணியில் உரிமை காட்ட வேண்டும். தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் பெரும்பாலும் கம்பனிகள் நிர்வகிப்பது. லயனில் இருப்பவர் எதைக் காட்டுவார்? இரவில் தோண்டிப் பிடிபட்டால் "சட்டவிரோத அகழ்வு, நால்வர் கைது" என்று செய்தி வரும். குழிக்குப் பணம் போட்ட முதலாளியை அந்தப் படங்களில் நான் கண்டதில்லை.

தோண்டுவதால் கேடே இல்லை என்று சொல்ல வரவில்லை. கரை சரிகிறது, ஓடையில் இறங்கும் மண் 2012 முதல் மின்சாரம் தரும் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஆனால் உறுதியில்லாத காணியில் தலைமுறையாக வாழ்வது என்னவென்று வன்னி வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1977 வன்முறைக்குப் பின் இங்கிருந்து அங்கே வந்து குடியேறியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள்.

புதிய வீட்டுத்திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குச் சில பேர்ச் என்கிறார்கள். வீடு போக மிஞ்சுவதில் கத்தரி நடலாம். இல்லம் கிடப்பது கீழே ஓடைக்கரையில், அது தோட்டத்துக் கணக்கில் இருக்கிறது.