கடலடிப் படக்கலை – 6: லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே

கடலுக்கடியில் படமெடுக்க விரும்பும் முக்குளிப்பாளர் பெரும்பாலும் கேமராவை வாங்கி முடித்த பின்னரே மற்றவற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார். கரையில் சரிப்பட்டுவரும் இந்த வரிசை நீருக்குள் தலைகீழாக வேண்டும். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே நிற்கும் நீரே அங்கு படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. சூரிய ஒளியின் சிவப்புக் கூறு முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது என்பதோடு, மீனிலிருந்து லென்ஸுக்கு ஒளி கடந்துவரும் ஒவ்வோர் அடியிலும் அந்த இழப்பு தொடர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மிக நெருங்கி எடுக்க உதவும் கருவியே நல்ல கருவி என்பது விளங்கும்.

முதலில் கவனிக்க வேண்டியது, முக்குளிப்பாளர்கள் ஹவுஸிங் என்று அழைக்கும் நீர்புகா உறை. ஒலிம்பஸ் டஃப் வரிசையில் 2019இல் வெளிவந்த டிஜி-6 உறையில்லாமலே 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்பது கவர்ச்சியான செய்திதான். எனினும் தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவரே 18 மீட்டர் வரையிலும், அடுத்த நிலையினர் 30 மீட்டர் வரையிலும் இறங்குவதால், அந்தத் தாங்குதிறன் போதாது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்பதை நினைவிற்கொண்டு, 45 மீட்டர் வரை தாங்கும் அதன் தனி உறையையும் சேர்த்தே வாங்குவது அறிவுடைமை. உறையின் மூடியில் பொருத்தப்படும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் நீர் உள்ளே கசியக்கூடும். அப்படிக் கசிந்தால், தானாகவே நீர் தாங்கும் கேமரா பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு, சாதாரணக் கேமராவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆயினும் டிஜி-6இன் ஒளியுணரி, அதாவது பிம்பத்தைப் பதிவுசெய்யும் சில்லு, மிகச் சிறியது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசைக் கேமராக்களில் உள்ள ஒரு அங்குல வகை ஒளியுணரி பரப்பில் அதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிது என்பதால், மங்கிய ஒளியிலும் புள்ளிகள் குறைந்த, தெளிவான படத்தைத் தருகிறது. அதைவிட முக்கியமாக, ஷட்டர் வேகத்தைப் படமெடுப்பவரே நிர்ணயிக்க முடிகிறது. பிளாஷ் ஒளி படும் மீனின் வெளிச்சத்தைக் குலைக்காமல் பின்னணிக் கடலின் நீலத்தை ஆழமாக்கவோ வெளிறவைக்கவோ உதவும் இந்த வசதி டிஜி-6இல் இல்லை. மறுபுறம், லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் உள்ள பொருளையும் தெளிவாகக் குவிக்கும் நுண்ணோக்கி முறை அதில் உண்டு. ஓடற்ற வண்ணக் கடல் நத்தைகளைத் தேடிச் செல்பவருக்கு இதைவிட எளிய கருவி கிடைப்பது அரிது.

அகன்ற பவளத்திட்டு ஒன்றை முழுமையாகப் படம்பிடிக்க விரும்பினால் சிக்கல் வேறுவிதமானது. நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33 என்பதால், உறையின் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள்கள் பெரிதாகத் தெரிகின்றன, பார்வைக் கோணமோ குறுகிவிடுகிறது, 24 மி.மீ.க்கு நிகரான லென்ஸின் 84 பாகைக் கோணம் நீருக்குள் சுமார் 60 பாகையாகச் சுருங்குகிறது. இழந்த கோணத்தை மீட்கப் பின்வாங்கினால் நடுவே நீர் கூடிவிடும். இதற்குத் தீர்வாக அமைவது, நீருக்குள்ளேயே உறையின் முன்புறத்தில் மாட்டவும் கழற்றவும் கூடிய துணை லென்ஸ். இது ஒரே முக்குளிப்பில் திட்டையும் எடுத்து நத்தையையும் எடுக்க வழிசெய்கிறது. புதிய மாதிரியே சிறந்தது என்ற எண்ணம் இங்கே ஏமாற்றுகிறது: 2018இல் வந்த ஆர்எக்ஸ்100இன் ஆறாம் மாதிரி 200 மி.மீ. வரை நீளும் லென்ஸ் உடையது, அதற்கேற்ப உறையின் முகப்பும் நீண்டதாக அமைய வேண்டியிருப்பதால் அகலக் கோணத் துணை லென்ஸ் பின்தள்ளிப்போய், படத்தின் மூலைகள் கருத்துவிடுகின்றன, 70 மி.மீ.யுடன் நிற்கும் முந்தைய ஐந்தாம் மாதிரியே கடலுக்கு உகந்தது.

கேமராவின் சொந்த பிளாஷை நம்பக்கூடாது. அது லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், நடுவே மிதக்கும் மண்துகளையும் நுண்ணுயிர்களையும் நேரே ஒளியூட்டி, பனிமூட்டத்தில் எரியும் வண்டி விளக்கைப் போலப் படம் முழுவதும் வெண்புள்ளிகளைத் தூவிவிடுகிறது. பார்வைத் தூரம் பல நாட்களில் சில மீட்டருக்கு மேல் எட்டாத சென்னை, புதுச்சேரிக் கடல்களில் இந்தக் குறை மேலும் கூடுகிறது. ஆகவே ஸ்ட்ரோப் எனப்படும் தனி பிளாஷைக் கைப்பிடியில் பூட்டி, பக்கவாட்டில் தள்ளி நிறுத்தி, ஒளி இழை வடம் வழியே கேமராவின் பிளாஷைக் கொண்டே தூண்டவேண்டும். அதற்காகக் கேமராவின் பிளாஷை மிகக் குறைந்த ஆற்றலில் வைத்தால் மின்கலமும் நெடுநேரம் நிற்கும்.

இரண்டு ஸ்ட்ரோப்கள் அழகான ஒளியைத் தரும் என்பது உண்மையே. ஆனால் மிதப்பைக் கட்டுப்படுத்த இன்னும் பழகாதவர் இருபுறமும் நீளும் கரங்களைச் சுமந்து திட்டை நெருங்கும்போது, இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள பவளங்கள் முறிகின்றன. அவருக்கு ஒரு கேமரா, ஒரு உறை, ஒரு ஸ்ட்ரோப் போதும், துணை லென்ஸை அடுத்த பருவத்தில் வாங்கிக்கொள்ளலாம்.