காசில்லாமல் ஒரு நாள்: பெரிய ஆலமரம்

மாதக் கடைசி, பிள்ளைகளுக்கோ லீவு. கையில் காசில்லையே என்று பெங்களூர்வாசிகள் மலைக்க வேண்டாம்.

மைசூர் ரோட்டில் கெங்கேரியைத் தாண்டி, ராமோஹள்ளி அருகே இருக்கிறது பெரிய ஆலமரம். நகரிலிருந்து சுமார் 28 கிலோ மீட்டர். வயது ஏறக்குறைய 400. ஒரே மரம் 3 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. பார்க்கக் கட்டணம் கிடையாது.

அடிமரத்தைத் தேடும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கிடைக்காது! நோயால் அது எப்போதோ பட்டுப்போனது. முனீஸ்வரர் கோவிலும் அங்கே உண்டு.

கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை இருந்தால், 2023 ஜூன் முதல் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் டிக்கெட் இலவசம். புளிசாதம் கட்டிச் செல்லலாம், குரங்குகள் ஜாக்கிரதை!

விழுதைப் பிடித்துத் தொங்கப் பிள்ளைகளை விடாதீர்கள். இன்று மரத்தைத் தாங்கி நிற்பது விழுதுகள்தான்.