நிற்கிற காருக்கும் காவல் வேண்டும்!

ஏழாயிரம்பண்ணை,-

தீபாவளி முடிந்தால் பட்டாசு ஊர்களில் சில வாரங்களுக்கு ஓய்வு. வசூலுக்கும் புது ஆர்டருக்கும் வடக்கே ரெயில் ஏறுகிற வியாபாரிகள் உண்டு. மகன் வீடு, மகள் வீடு என்று வெளியூர் போகிறவர்களும் உண்டு.

காரை வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். "ஓடினால்தானே தேயும்? நிக்கிற வண்டிக்கு என்ன கேடு?" என்று நினைப்பு.

அதுதான் தப்பு! நிற்கிற காருக்கும் நோய் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரையே வாங்கிவிடும். இது பற்றிய விவரம் வருமாறு:-

ஊரடங்கு தந்த பாடம்

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு நீண்டுகொண்டே போனது. கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

தடை தளர்ந்ததும் சாவியைத் திருகியவர்களுக்கு 'கட், கட்' என்ற சத்தம்தான் கிடைத்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை நாளா நிக்குது, அண்ணாச்சி?"

பேட்டரி

என்ஜினை அணைத்தாலும் கடிகாரம், அலாரம் போன்றவை சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் பேட்டரி 'டவுன்'!

வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இருந்தால், வாரம் ஒரு முறை அரை மணி நேரம் சாத்தூர் ரோட்டில் ஓட்டிவிட்டு வரட்டும். நின்ற இடத்தில் 5 நிமிஷம் உறுமவிட்டு அணைப்பது போதாது. 

மூடிய செட்டுக்குள் என்ஜினை ஓடவிடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

ஓட்ட ஆள் இல்லையா? பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். புது மாடல் கார் என்றால் முதலில் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹேண்ட் பிரேக், டயர்

வாரக்கணக்கில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால் பிரேக் உள்ளேயே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள்.

டயரில் காற்று நாளாக ஆகக் குறையும். ஒரே பக்கம் பாரம் அழுத்தி அந்த இடம் தட்டையாகும். கிளம்பும் முன் அளவாகக் காற்று அடியுங்கள். அளவு எவ்வளவு என்பது டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். இடையிடையே காரை அரை உருட்டு நகர்த்தி வைத்தால் ரொம்ப நல்லது.

பெட்ரோல்

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே காற்றும் ஈரமும் அதிகம். நிரப்பி வைத்துவிட்டுப் போவதே நல்லது.

எலி குடித்தனம்

பானெட்டுக்குள் எலிக்குச் சொகுசு வீடு! ஒயரைக் கடித்தால் செலவு ஆயிரக்கணக்கில் வரும். முறுக்குத் தூள், கடலைத் தோல்கூட உள்ளே இருக்கக் கூடாது. புகையிலைக் கட்டு வைக்கிற டிரைவர்கள் உண்டு. வைத்தால், ஸ்டார்ட் செய்யும் முன் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

காரைக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே உறை போடுங்கள். கரிசல் புழுதியோடு மூடினால், காற்றில் உறை ஆடி ஆடி பெயிண்டைத் தேய்த்துவிடும்.

டிக்கியில் சாம்பிள் பெட்டியா?

இது நம்ம ஊருக்கென்றே சொல்ல வேண்டியது. டிக்கியில் பட்டாசு சாம்பிள், தீப்பெட்டி பண்டல் எதையும் விட்டுப் போகாதீர்கள். மூடிய கார் வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும், அது வெடிக்கும். மருந்தோ பட்டாசோ இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த வேலையே வேண்டாம்.

3 பிஞ்சு உயிர்கள்

எல்லாவற்றையும்விட முக்கியம், பூட்டு.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே, வீட்டுப் பக்கத்தில் நின்ற காருக்குள் 3 குழந்தைகள் ஏறி விளையாடினார்கள். கதவு மூடிக்கொண்டது. திறந்து வெளியே வரத் தெரியவில்லை. மூன்று பேரும் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள்.

நிற்கிற கார், குழந்தைக்கு ஒரு விளையாட்டு வீடு. அதை நாம் மறந்துவிடுகிறோம்.

பேட்டரி ஒயரைக் கழற்றினால் 'சென்ட்ரல் லாக்' வேலை செய்யாது. எனவே மற்ற கதவுகளை உள்ளிருந்தே பூட்டிவிட்டு, டிரைவர் கதவைச் சாவியால் பூட்டுங்கள். 4 கதவையும் டிக்கியையும் கையால் இழுத்துப் பாருங்கள். சாவி குழந்தை கைக்கு எட்டும் ஆணியில் தொங்கக் கூடாது.

திரும்பி வந்த அன்று

அவசரம் வேண்டாம். காருக்கு அடியில் எண்ணெய் சொட்டி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பானெட்டைத் திறந்து எலிக்கூடு, பாம்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஆயில், தண்ணீர், டயர் காற்று மூன்றையும் பாருங்கள். சக்கரக் கட்டையை எடுங்கள். மெதுவாக நகர்த்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே ரோட்டுக்குப் போங்கள்.

கார் தெருவில் நிற்கிறது என்றால் இன்சூரன்ஸ் தேதி தாண்டி இருக்கக் கூடாது.

ஊருக்குப் போகும்போது கேஸ் அடுப்பை மூடினோமா, வீட்டைப் பூட்டினோமா என்று இரண்டு தடவை பார்க்கிறோம். மூன்றாவதாக ஒரு தடவை, கார் கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்!