539 சதவீதமும் இரண்டு ரூபாய் வட்டமும்

"மாமா, 539 சதவீதம்!"

2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு என் அக்கா மகனிடமிருந்து வந்த செய்தி இவ்வளவுதான். அவனுக்கு வயது 27. முன்நெற்றி இருபுறமும் ஏறத் தொடங்கி மூன்று வருடமாகிறது. இப்போது உச்சிச் சுழியைச் சுற்றியும் தோல் தெரிகிறது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்களே, அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வதாக ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறான். அந்த வேதனை எனக்கும் தெரியும். அவன் வயதில் நானும் அதே நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவன் சொன்ன எண் கிளாஸ்கோடெரோன் என்ற மருந்தைப் பற்றியது. அயர்லாந்தின் டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட காஸ்மோ நிறுவனம், தலையில் தடவும் 5 சதவீதக் கரைசலாக இதை உருவாக்கியிருக்கிறது. ஸ்கால்ப் 1, ஸ்கால்ப் 2 என்ற இரண்டு மூன்றாம் கட்டச் சோதனைகளில் மொத்தம் 1,465 ஆண்கள் பங்கேற்றார்கள். வெறும் கரைசலைத் தடவியவர்களோடு ஒப்பிட்டால் முடி எண்ணிக்கையில் முதல் சோதனையில் 539 சதவீதமும் இரண்டாவதில் 168 சதவீதமும் கூடுதல் முன்னேற்றம் என்று நிறுவனம் அறிவித்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது முதல் எண். இரண்டாவதைப் பலர் கவனிக்கவே இல்லை.

உடனே போனில் அழைத்தேன். "539 சதவீதம்னா என்னடா அர்த்தம்? உன் தலையில எத்தனை முடி கூடும்?"

"அஞ்சு மடங்குக்கு மேல, மாமா."

"எதோட அஞ்சு மடங்கு?"

பதில் இல்லை. அன்று தொடங்கிய வாக்குவாதம் வாரக்கணக்கில் நீண்டது. அவன் கட்சி நம்பிக்கை, என் கட்சி கணக்கு. ஆனால் நான் அவனுக்கு எதிராக வாதாடவில்லை. அவனுக்காகத்தான் வாதாடினேன்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். இந்தச் சோதனைகளில் தலையில் ஒரு சிறு வட்டத்தைக் குறித்து, அதற்குள் இருக்கும் முடிகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எண்ணுவார்கள். வெறும் கரைசல் தடவியவருக்கு அந்த வட்டத்தில் 1 முடி கூடி, மருந்து தடவியவருக்கு 6.4 முடி கூடியிருந்தால் முன்னேற்றம் 540 சதவீதம். அவருக்கு 10 கூடி, இவருக்கு 64 கூடியிருந்தாலும் அதே 540 சதவீதம்தான். 6.4 முடி கூடியவரின் தலையில் வித்தியாசத்தைத் தாயால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. 64 கூடியவரை ஊரே திரும்பிப் பார்க்கும். சதவீதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த இருவரில் நீ யார் என்று சொல்லவே முடியாது. ஒரே மருந்து ஒரு சோதனையில் 539, இன்னொன்றில் 168 என்று இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். வகுக்கும் எண் சிறிதாக இருந்தால், அதில் ஓரிரு முடி கூடினாலும் குறைந்தாலும் விடை தாறுமாறாக மாறும்.

இன்னொரு கணக்கையும் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். நம் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கும் மினாக்சிடிலைப் பற்றியது அது. 2002-ல் வெளியான புகழ்பெற்ற சோதனை ஒன்றில், 5 சதவீத மினாக்சிடிலை 48 வாரம் தடவிய ஆண்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 18.6 முடி கூடியது. வெறும் கரைசல் தடவியவர்களுக்குக் கூடியது 3.9. காஸ்மோவின் வழியிலேயே கணக்கிட்டால் மினாக்சிடிலின் முன்னேற்றம் 377 சதவீதம்! யாராவது அதை அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? சதுர சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ சுண்டுவிரல் நகத்தின் பரப்பு. அதில் பதினைந்து முடி அதிகம் என்பதுதான் அந்த 377 சதவீதம். அது நல்ல பலன்தான். இத்தனை வருடம் அந்த மருந்து நிலைத்து நிற்பதே அதற்குச் சாட்சி. ஆனால் மினாக்சிடில் தடவியவர்களின் தலையை நாம் பார்த்திருக்கிறோம். சதவீதம் எழுப்பும் கற்பனைக்கும் கண்ணாடி காட்டும் தலைக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும்.

ஃபினாஸ்டிரைடு மாத்திரையின் கதை இன்னும் தெளிவானது. 1,553 ஆண்களிடம் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தை எண்ணினார்கள். கிட்டத்தட்ட நம் இரண்டு ரூபாய் நாணயத்தின் அகலம். தொடக்கத்தில் அதற்குள் சராசரியாக 876 முடி. இரண்டு ஆண்டு முடிவில், மருந்து சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இடையே 138 முடி வித்தியாசம். போலி மாத்திரைக்காரர்களின் முடி குறைந்துகொண்டே போனதும் அதில் சேர்த்தி. எனக்குப் பிடித்த எண் இது. இதில் கற்பனைக்கு இடமில்லை. நாணயத்தைத் தலையில் வைத்து நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

"அப்போ புது மருந்து வேஸ்ட்டுன்றீங்களா?" என்று கோபமாகக் கேட்டான்.

இல்லை. அங்கேதான் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆண்களின் வழுக்கைக்குக் காரணம் ஆண் ஹார்மோன் என்பது 1942-லேயே தெரிந்துவிட்டது. இளம் வயதில் விந்தகம் அகற்றப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டதும் அவர்களில் மரபுவழியாக வாய்ப்புள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்குவதையும் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் கண்டார். டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டி.எச்.டி. என்ற வீரியமான வடிவமாக மாற்றுகிறது. அது மயிர்க்காலில் உள்ள ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. மரபுவழியாகப் பலவீனமான மயிர்க்கால் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்குகிறது. முடி மெலிந்து பூனைமுடியாகிக் கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. இந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள சிலரை டொமினிகன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் கண்டு 1974-ல் எழுதிய ஆய்வுதான் ஃபினாஸ்டிரைடுக்கு வழி திறந்தது. அவர்களுக்கு வழுக்கை விழவில்லை.

ஃபினாஸ்டிரைடு அந்த நொதியைத் தடுக்கிறது. ரத்தத்தில் டி.எச்.டி. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. இதை ஏரி மதகை அடைப்பதோடு ஒப்பிடலாம். ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பதற்காக மதகையே அடைத்தால் மற்ற வயல்களும் காயும். சோதனைகளில் அதைச் சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம் பேருக்குப் பாலியல் தொடர்பான தொல்லைகள் வந்தன. போலி மாத்திரையில் அது 2.1 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அந்தச் சிலரில் நீ ஒருவனாக இருந்தால் உனக்கு அது முழு வாழ்க்கை. தற்கொலை எண்ணம் இம்மருந்தின் பக்கவிளைவுகளில் ஒன்று என்று 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையின் குழு உறுதிசெய்தது. நன்மை இன்னும் அதிகம் என்றும் அதே குழு சொன்னது. என் மருமகன் இந்த மாத்திரைக்குப் பயப்படுவதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

கிளாஸ்கோடெரோன் மதகைத் தொடுவதில்லை. ஒரு வயலின் வாய்மடையை மட்டும் அடைக்கிறது. டி.எச்.டி. ஒட்டவேண்டிய ஏற்பியில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. தோலைத் தாண்டி ரத்தத்துக்குள் போனதும் வீரியம் குறைந்த கார்டெக்சோலோனாக உடைந்துவிடுகிறது. முற்றிலும் புதிய மூலக்கூறும் அல்ல. இதே மருந்தின் 1 சதவீதக் களிம்பு, முகப்பருவுக்காக 2020 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது. 1988-ல் மினாக்சிடில், 1997-ல் ஃபினாஸ்டிரைடு. அதன்பின் இந்த நோய்க்குப் புது வழியில் வேலைசெய்யும் மருந்து எதுவும் அங்கே அனுமதி பெறாத நிலையில், இது மூன்றாம் கட்டத்தைத் தாண்டியதே பெரிய விஷயம். இதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஆனாலும் என் தயக்கம் தீரவில்லை. முகத்தில் தடவுவது 1 சதவீதம், தலையில் தடவுவது 5 சதவீதம். அட்ரினல் சுரப்பியின் வேலை மந்தமாகலாம் என்ற எச்சரிக்கை அந்த முகக் களிம்பின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. அதனால்தான் ஆறு மாத முடி எண்ணிக்கையைவிட ஓராண்டுப் பாதுகாப்புத் தரவைப் பெரிதாகக் கருதுகிறேன். நிறுவனமும் அதை முடித்த பிறகே அனுமதிக்கு விண்ணப்பிப்பதாகச் சொன்னது. அதோடு, தடவுவதை நிறுத்தினால் மடை மறுபடி திறந்துகொள்ளும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். முப்பது வயதில் நான் ஒன்றரை வருடம் மினாக்சிடில் தடவினேன். உச்சியில் முடி வந்தது. வேலை மாற்றம், ஊர் மாற்றம் என்று அலைந்த காலத்தில் விட்டுவிட்டேன். நான்கே மாதத்தில் வந்ததெல்லாம் குளியலறைத் தரையில் கிடந்தது. தினமும் இரண்டு வேளை, வருடக்கணக்கில் ஒரு காரியத்தைச் செய்ய முடியுமா என்பது எந்தச் சோதனையும் உனக்காகச் சொல்லாத விடை.

அவன் சளைக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு பெயரோடு வந்தான். பிபி405.

இது எனக்கும் ஆர்வமூட்டும் மருந்துதான். 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோட்சரேலிஸ் குழுவினர் ஆண்களின் வழுக்கைத் தோலை ஆராய்ந்தபோது, மயிர்க்காலின் ஸ்டெம் செல்கள் அங்கே அப்படியே இருப்பதைக் கண்டார்கள். அவற்றிலிருந்து வளரவேண்டிய அடுத்த தலைமுறை செல்கள்தான் குறைந்திருந்தன. விதை கெடவில்லை, முளைப்புதான் நின்றுபோயிருக்கிறது! 2017-ல் லாஸ் ஏஞ்சலீஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள், பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதைத் தடுத்தால் லாக்டேட் பெருகி இந்தச் செல்கள் விழித்துக்கொள்வதை எலிகளில் காட்டினார்கள். அந்த வழியில் பெலாஜ் நிறுவனம் உருவாக்கியதுதான் பிபி405. 2025 ஜூனில் 78 பேரிடம் நடந்த சோதனையின் முடிவைச் சொன்னார்கள். முடி இழப்பு அதிகமுள்ள ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு எட்டு வாரத்தில் அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. போலி மருந்தில் ஒருவருக்கும் இல்லை.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 78 பேருக்குள் ஆண்கள், அதற்குள் இழப்பு அதிகமுள்ளவர்கள், அதற்குள் 31 சதவீதம் என்றால் விரல்விட்டு எண்ணக்கூடிய தலைகள்தாம். தலைமுடியின் வளர்பருவம் இரண்டிலிருந்து ஆறு வருடம், உறங்கும் பருவம் மூன்று மாதம். எட்டு வாரத்தில் எதையும் முடிவுகட்ட முடியாது. இதே கோட்சரேலிஸ் குழு 2012-ல் வழுக்கைத் தோலில் புராஸ்டாகிளாண்டின் டி2 அதிகமாக இருப்பதைக் கண்டபோதும் உலகம் இப்படித்தான் துள்ளியது. அதைத் தடுக்கும் செட்டிபிப்ராண்ட் என்ற மாத்திரையை ஆண்களிடம் சோதித்தபோது அது போலி மாத்திரையைத் தாண்டவில்லை. அந்தக் காரணம் சரியாகத்தான் பட்டது, எனக்கும்கூட.

இந்த நோயைச் சிறிதாக நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அவர் மருத்துவம் படித்தவர். தென்கொரிய அதிபர் லீ ஜே மியுங், முடி உதிர்வுச் சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு தருவதைப் பரிசீலிக்கும்படி 2025 டிசம்பரில் சுகாதார அமைச்சகத்திடம் கேட்டபோது, பிழைப்புப் பிரச்சினையாகவே இளைஞர்கள் இதைப் பார்க்கிறார்கள் என்றார். இப்படித் தவிப்பவர்களிடம் "539" என்று மட்டும் சொல்லி, எத்தனை முடி என்பதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வலிக்கிறது. அவர்களுக்குத் தேவை உண்மையான எண்.

எங்கள் வாக்குவாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு திசையில் திரும்பியது. மதியச் சாப்பாட்டுக்கு அக்காவோடு வந்திருந்தான்.

"சரி மாமா, எப்ப கடைக்கு வரும்? ஒரு வருஷம்? ரெண்டு? அதுவரைக்கும் வெயிட் பண்றேன். எதுக்கு இப்ப மத்ததெல்லாம்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மூன்று வருடமும் அவன் எதுவுமே செய்யவில்லை. மினாக்சிடில்கூட வாங்கவில்லை. வரப்போகிறது, வரப்போகிறது என்று ஒவ்வொரு செய்தியையும் படித்துக் காத்திருந்திருக்கிறான். இதற்குள் அவன் உச்சி திறந்துவிட்டது. சுருங்கிக்கொண்டிருக்கும் மயிர்க்காலைப் பிடித்து நிறுத்துவது எளிது. வருடக்கணக்கில் சுருங்கிப் போனதை மீட்பது அரிது. நாளைய மருந்துக்கும் இது பொருந்தும். வாய்மடையை அடைக்கும் மருந்து வந்து சேரும்போது காப்பாற்ற வயலில் பயிர் இருக்க வேண்டும்.

"இருக்கறத காப்பாத்திக்கோடா. அது வரும்போது இதோட சேத்துக்கலாம்" என்றேன். அக்கா சோறு போட்டுக்கொண்டே, "நானும் மூணு வருஷமா அதையேதான் சொல்றேன்" என்றாள். அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு வாரம் கழித்துத் தோல் மருத்துவரைப் பார்த்தான். அவனுடைய பயத்தைக் கேட்டுக்கொண்ட மருத்துவர், மாத்திரையை அப்புறம் யோசிக்கலாம் என்று மினாக்சிடிலோடு தொடங்கியிருக்கிறார். முதல் ஒன்றிரண்டு மாதம் முடி கூடுதலாகக் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடாதே என்றும் எச்சரித்திருக்கிறார். கருவியை உச்சியில் வைத்து ஒரு வட்டத்துக்குள் இருந்த முடிகளை எண்ணியிருக்கிறார்கள். அன்று மாலை அந்தப் படத்தை எனக்கு அனுப்பினான். திரையில் பெரிதாகத் தெரிந்த தோலில் தடித்ததும் மெலிந்ததுமாக முடிகள், மூலையில் தேதி.

"ஆறு மாசம் கழிச்சு இதே எடத்துல திரும்ப எண்ணுவாங்களாம், மாமா."