கையால் ஆகும் கிறிஸ்துமஸ் பரிசுகள்

கார்த்திகை முடியுமுன்னரே மலைமேல் பனி இறங்கிவிடுகிறது. வண்டிப்பெரியாற்றுப் பாலத்தின்மேல் காலை எட்டு மணிக்கும் பேருந்துகள் விளக்கேற்றிக்கொண்டு ஊர்ந்து வருகின்றன. கடைத்தெருவில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கியாயிற்று. இந்த வேளையில்தான் நம் லயங்களிலுள்ள பெற்றோருக்கு ஒரு கவலையும் தொடங்குகிறது. பரிசுக் கவலை!

இம்மாநிலத்துப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குமுன் ஒரு விளையாட்டு உண்டு. வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் செய்வர். எவர் பெயர் வந்ததோ அவருக்கு, கடைசி நாள் வரையில் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளாமல் இருந்து, ஒரு பரிசு அளித்தல் வேண்டும். ‘கிறிஸ்துமஸ் பிரண்ட்’ என்று இதற்குப் பெயர். இந்து, முகம்மதியர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் இதில் சேருகின்றனர். நல்ல விளையாட்டே. இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரின் நான்காம் நூற்றாண்டு ஆயரான நிக்கோலாஸ், ஓர் ஏழையின் மூன்று பெண்களுக்கு மணம் முடியும்பொருட்டு இரவில் யாரும் அறியாமல் பொன் முடிப்பை வீட்டினுள் எறிந்தார் என்று வழங்கும் கதையின் சாயல் இதில் உண்டு. ஆனால் நிக்கோலாஸ் பொன்னைக் கடன் வாங்கி எறிந்ததாகக் கதை சொல்லவில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் லயத்துச் சிறுமி ஒருத்திக்கு, கடைத்தெருவில் வசதியாக வாழும் குடும்பத்துப் பெண்ணின் பெயர் சீட்டில் வந்தது. அவள் மூன்று நாள் சரியாக உண்ணவில்லை. தந்தை கடையில் கடன் சொல்லி, கண்ணாடித் தாள் சுற்றிய பொம்மை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அக்கடன் மாசி மாதம் வரையில் நீண்டது. தோட்டத்து வருமானத்தின் போக்கை நாம் அறிவோம். வாரந்தோறும் கிடைக்கும் செலவுக்காசு சம்பளத்தில் பிடித்தமாகிவிடும். போனஸ் பணமோ ஓணத்தோடு கரைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் பீர்மேட்டுத் தோட்டங்களில் சில மூடப்பட்டபின், சம்பளமே இல்லாத கிறிஸ்துமஸ்களையும் கண்ட மலை இது. இங்கே ஒரு பொம்மையின் விலை அற்பமன்று.

ஆகவே, கடன்படாமல், அதேசமயம் பிள்ளை தலைகுனியாமல் கொடுக்கத்தக்க பரிசுகளைப் பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். கடைப்பொருளின் போலியாகச் செய்த பரிசு என்றும் இளைத்தே தோன்றும். அட்டையில் வெட்டிய மோட்டார் வண்டி, கடையிலுள்ள மோட்டார் வண்டியை நினைவூட்டி வருத்தத்தையே தரும். கடையில் கிடைக்காத ஒன்றைச் செய்வதே வழி.

இதற்குக் கேரளத்திலேயே ஒரு பழைய சான்று உண்டு. தலச்சேரியில் ரொட்டிக் கிடங்கு நடத்திய மாம்பள்ளி பாபு என்பவரிடம், 1883ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி, அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்து மர்டாக் பிரௌன் துரை, இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த கேக் ஒன்றைக் காட்டி, அதுபோலச் செய்யச் சொன்னாராம். சேர்க்க வேண்டிய பிரெஞ்சு பிராந்தியை மாஹேயில் வாங்கிக்கொள்ளுமாறும் கூறினாராம். பாபுவோ பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலிப்பழமும் கொண்டு காய்ச்சிய உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்றும், துரை உண்டு மகிழ்ந்து மேலும் ஒரு டஜன் கேட்டார் என்றும் சொல்கின்றனர். இன்று கேரளம் முழுவதும் டிசம்பரில் விற்கும் கேக்குகளுக்கு இதுவே பிள்ளையார் சுழி என்பர். இல்லாததற்கு ஏங்காமல் இருப்பதை நாடிய கை அது.

இங்கே நம்மிடம் இருப்பவை யாவை? தேயிலை, ஏலம், மிளகு, சுக்கு. மலையிறங்கினால் கம்பத்துத் திராட்சை.

ஏலக்காய் ஏலத்தில் விற்கும் பொருளாதலால் அதன் விலையை நாம் கனவிலும் கணக்கிட இயலாது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிலோ ஒன்று 7,000 ரூபாய் வரையில் போயிற்று! எனினும் பரிசுக்கு முதல்தரக் காய் வேண்டுவதில்லை. வாய் பிளந்த காயும் நிறம் மங்கிய காயும் விலையில் குறைந்தவை. கால் கிலோ தேயிலைத்தூளுக்குப் பத்து ஏலக்காய், விரல்நுனி அளவு சுக்கு, பத்து மிளகு போதும். இவற்றை வறுக்காமல் ஒன்றிரண்டாக இடித்து, தூளோடு கலந்து, இறுக மூடும் டப்பாவில் ஒரு வாரம் வைத்திருங்கள். அரிசியை நீக்கிய ஏலத்தோலை எறியாதீர்கள். அதனையும் டப்பாவில் போட்டால் மணம் தேயிலையில் ஊறும். ஆசிரியைக்கும் அஞ்சற்காரருக்கும் மதுரைப் பக்கத்து உறவினருக்கும் இதைவிடப் பொருத்தமான பரிசு வேறில்லை. மலையிலிருந்து வந்தது என்பதை அது தானே சொல்லும்.

திராட்சை விஷயத்தில் எங்கள் அனுபவம் சற்றே கசப்பானது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டு முழுவதும் அங்கே அறுவடை உண்டு. குமுளி வழியாக வரும் உறவினரிடம் சொல்லிவிட்டால் இரண்டு கிலோ வந்துசேரும். அதனை மதுவாக்க எண்ண வேண்டாம். உரிமமின்றி வீட்டில் மது வடிப்பது கேரளச் சட்டப்படி குற்றம். ஜாம் செய்யலாம். ஒரு கிலோ பழத்தை நீர் சேர்க்காமல் சிறுதீயில் வேகவிட்டு, தோல் வெடித்தபின் மசித்து, வடிகட்டி விதையை நீக்குங்கள். முக்கால் கிலோ சர்க்கரையும் ஓர் எலுமிச்சையின் சாறும் சேர்த்துக் கிளறி, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்கும் பதத்தில் இறக்கிவிடலாம். இவ்வளவும் முதல் ஆண்டில் நாங்கள் செவ்வனே செய்தோம். ஆறு சீசாக்கள், ஆறிலும் பத்தாம் நாள் வெண்பூஞ்சை! சீசாவைக் கொதிநீரில் கழுவியபின் வெயிலில் காயவைக்க வேண்டும் என்று கீழ்நாட்டார் சொன்னதைக் கேட்டு, பனிமூட்டத்தில் கவிழ்த்து வைத்ததே பிழை. டிசம்பரில் இங்கே வெயில் ஏது? மறு ஆண்டு, அடுப்பங்கரைச் சூட்டில் ஈரமறக் காயவைத்து, சூடான சீசாவில் சூடான ஜாமை ஊற்றி மூடினோம். தைப்பொங்கல் வரையில் கெடவில்லை.

முறுக்கு, அதிரசம், கல்கல், அச்சுமுறுக்கு ஆகியவற்றைப் பற்றி நம் சகோதரிகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பொதிவதில் கவனம் வேண்டும். கேரளத்தில் 2020 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. பழைய நாளிதழில் பலகாரத்தை நேரே மடிப்பதும் தகாது. அச்சு மையிலுள்ள இரசாயனங்கள் உணவில் இறங்குமென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. நம் பாட்டிமார் கையாண்ட வாழைச்சருகு இருக்கிறது. துடைத்து, வாழைநார் கொண்டு கட்டி, முடிச்சில் ஒரு பச்சை இலையைச் செருகினால் கண்ணாடித் தாள் அதற்கு ஈடாகாது.

அடுத்தது துணி. அம்மாவின் பழைய நூற்சேலை எத்தனையோ முறை வெளுத்து மென்மையடைந்திருக்கும். புதுத்துணியில் வாராத அம்மென்மை பச்சைக் குழந்தையின் உடம்புக்கு ஏற்றது. நான்கு மடிப்பாக மடித்து, ஓரம் மடக்கி, விரற்கடை இடைவெளியில் நீள நீளமாக ஓட்டுத்தையல் இட்டால், மலைக்குளிருக்கு உகந்த சிறு போர்வை ஆகிவிடும். வங்காளத்துப் பெண்கள் இவ்விதம் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் ‘காந்தா’ உலகப் புகழ் பெற்றிருக்கிறது. நம் வீடுகளில் அதற்குப் பெயர்தான் இல்லை. கிழியாத கரைப்பகுதியைத் தனியே எடுத்து வையுங்கள். பென்சில் பை, கண்ணாடிக் கூடு, தலைநாடா எல்லாம் அதில் ஆகும். தையலைக் கொழுந்தெடுத்துத் திரும்பிய கையோடு இருட்டில் தொடங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பகலே அதற்கு நேரம். ஆகவேதான் ஐந்து வாரம் முன்னதாகவே இதனை எழுதுகின்றோம்.

இனிச் சொல்லப்போவதற்குச் செலவு ஒரு நோட்டுப்புத்தகம் மட்டுமே. அதனை யாம் எல்லாவற்றினும் உயர்ந்ததாகக் கருதுகின்றோம்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவர், எழுதத் தயங்குவர். உத்தமபாளையத்திலோ சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூரிலோ இருக்கும் பாட்டிக்கு மலையாளம் தெரியாது. கைப்பேசியில் பேசுகிறார்கள், உண்மைதான். ஆனால் பேச்சு அணைந்துவிடுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பிள்ளையைத் தன் கையால் தமிழில் எழுதச் செய்யுங்கள். ‘எங்கள் வீடு’ என்று தலைப்பிட்டு, லயத்தின் படம் ஒரு பக்கம். அம்மா கட்டும் படங்கு, தோளில் தொங்கும் கொழுந்துப்பை, பிரட்டுக்களத்தில் பேர் கொடுப்பது, பெரியாற்றில் வெள்ளம் வந்த நாள், பட்டுமலை மாதா கோயிலுக்குப் போன நாள், அடுத்த வீட்டார் கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சி என்று பக்கத்துக்கொன்றாக எழுதலாம். பிழைகளைத் திருத்தி நகலெடுக்கச் செய்ய வேண்டாம். ‘ள’கரமும் ‘ழ’கரமும் மாறியிருந்தால் பாட்டிக்கு அதுவும் ஒரு மகிழ்ச்சியே. கடைசிப் பத்துப் பக்கங்களை வெறுமையாக விட்டு, பாட்டி சொல்லும் கதைகளை விடுமுறையில் அங்கே போகும்போது அதிலேயே எழுதிக்கொண்டு வரலாம். பாட்டிக்கு எழுத்துத் தெரியாதாயின் யாரேனும் படித்துக் காட்டுவர். அப்போது திண்ணையில் கூட்டம் கூடும் என்பது நிச்சயம்.

செடிப் பரிசும் எளிது. கற்பூரவல்லித் தண்டு ஒன்றை ஒடித்துப் பழைய தகரக் குவளையில், அடியில் துளையிட்டு, நட்டுவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்பிடித்துவிடும். குளிர்காலத்து இருமலுக்கு அதன் சாறு உதவும் என்பதால் சிறு குழந்தையுள்ள வீட்டுக்குத் தரலாம்.

நட்சத்திரத்தை மறந்துவிடலாகாது. ஒரே அளவாக இரண்டடி நீளத்தில் பத்து மூங்கிற் பிளாச்சுகள் வேண்டும். ஐந்தைந்தாகப் பிணைத்து இரண்டு நட்சத்திரச் சட்டங்கள் செய்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, ஐந்து முனைகளிலும் நூலால் கட்டுங்கள். பின்னர் உள்மூலைகள் ஐந்திலும் நான்கு விரல் நீளக் குச்சிகளை இடையே செருகிக் கட்டினால் வயிறு புடைத்து நிற்கும். மரவள்ளி மாவுப் பசையால் வண்ணத்தாளை ஒட்டி, ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து, சிறு எல்.இ.டி. விளக்கை உள்ளே தொங்கவிடுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுதல் கூடாது. நம் லயங்களில் ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் இடைவெளி இல்லை. பட்டம் கட்டத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு மாலை வேலை. பத்து வீட்டுப் பிள்ளைகள் கூடிச் செய்தால் லயத்துக்கு ஒன்று, பிள்ளையில்லாத முதியவர் வீட்டுக்கு ஒன்று என்று கொடுக்கலாம்.

பள்ளிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. சீட்டுக் குலுக்கும் அன்றே, பரிசின் விலை ஐம்பது ரூபாயைத் தாண்டலாகாது, கையால் செய்தது விரும்பத்தக்கது என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எத்தனையோ வீடுகளில் இரவுத் தூக்கம் கெடாது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதனைக் கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. வசதியுள்ள பெற்றோரும் உள்ளூர இதையே விரும்புகின்றனர் என்பதை நாங்கள் பேசிப் பார்த்து அறிந்தோம்.

முன்னர்ச் சொன்ன சிறுமிக்குச் சென்ற ஆண்டும் சீட்டு வந்தது. வேறொரு பெண்ணின் பெயர். இம்முறை அவளும் அவள் தாயும் அரக்குநிறச் சேலைக்கரையில் பென்சில் பை ஒன்று தைத்தார்கள். உள்ளே ஓர் ஏலக்காய் முடிச்சும் வைத்தார்கள். கொடுத்த அன்று அதைப் பெற்றவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அருகிலிருந்தவளுக்குக் கிடைத்த சாவி கொடுக்கும் பொம்மையைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நம் சிறுமி வாடிய முகத்தோடு வீடு திரும்பினாள். விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது, அந்தப் பெண்ணின் பென்சில்கள் அரக்குநிறப் பையில் இருந்தன. ஏலக்காய் முடிச்சும் அதற்குள்ளேயே இருந்தது.