ராவைக்கு ரெண்டு ரொட்டி

எங்கட உம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினொரு வருடமாகிறது. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பா. குளிசை போட நேரம் பிந்தமாட்டா. யாராவது சுகம் விசாரித்தால் உடனே சொல்லுவா: "நான் ராவைக்குச் சோறே தின்றல்ல மகன். ரெண்டு ரொட்டிதான்." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமையும் தெரியும். ஆனால் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் அளவு இறங்கின பாடில்லை. குளிசை சரியில்லை என்று உம்மா சொன்னா. டொக்டர் குளிசையைக் கூட்டினார்.

ஒரு நாள் மா குழைக்கும்போது பக்கத்தில் தராசை வைத்தேன். இரண்டு ரொட்டிக்கு உம்மா எடுத்த கோதம்ப மா சரியாக 100 கிராம். அதற்கு மேல் ஒரு பிடி தேங்காய்ப்பூ. 100 கிராம் கோதம்ப மாவில் மாச்சத்து ஏறத்தாழ 75 கிராம். வருத்தம் வர முந்தி உம்மா ராவைக்குத் தின்ற சோறு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான். அதையும் நிறுத்தேன், 150 கிராம் வந்தது. சோற்றில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 100 கிராம் சோற்றில் மாச்சத்து 28 கிராம் அளவில்தான் இருக்கும். அந்தக் கோப்பைச் சோற்றில் 42 கிராம். பத்தியம் என்று நினைத்துப் பதினொரு வருடமாக உம்மா தின்றது, விட்டுவிட்ட சோற்றைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு மாச்சத்து.

இந்தக் கணக்கை உம்மாவிடம் சொன்னபோது, "ரொட்டி இனிக்கிறதா என்ன?" என்று கேட்டா. நியாயமான கேள்விதான். நாம் சீனியை நாக்கால் அளக்கிறோம், உடம்பு அப்படி அளப்பதில்லை. மாச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. வாயிலேயே அந்த மாலை அறுபடத் தொடங்குகிறது, சிறுகுடலில் முழுவதும் உதிர்ந்து இரத்தத்தில் கலக்கிறது. அது சோற்றிலிருந்து வந்ததா, பாணிலிருந்து வந்ததா, இடியப்பத்திலிருந்து வந்ததா என்று இரத்தம் விசாரிப்பதில்லை. 450 கிராம் பாணில் கால்வாசியை எடுத்தால் அதிலும் 55 கிராம் அளவு மாச்சத்து இருக்கிறது. ஆகவே சோற்றை விட்டேன் என்று சொல்பவரிடம் அதற்குப் பதிலாக எதை, எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று கேட்டாக வேண்டும்.

கோதம்ப மா நமது மண்ணில் விளைகிற பொருளல்ல. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, பங்கீட்டில் மா வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கியது. இப்போது பராட்டா, கொத்து, ரோல்ஸ், பெட்டிஸ் என்று பொழுதுபட்டால் கடைத்தெரு முழுக்க மாவின் ஆட்சி. கல்முனையிலோ சம்மாந்துறையிலோ வயலுக்கு நடுவே குடியிருந்துகொண்டு வருத்தத்துக்கு மருந்தாக மா தின்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

சோறும் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. என்ன சோறு என்பது முக்கியம். 1890களில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்ற ஒல்லாந்த வைத்தியர் கால் சோர்ந்து மனிதரைச் சாய்க்கும் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். தீட்டிய வெள்ளையரிசிச் சோறு தின்ற கோழிகளுக்கும் கால் சோர்வதை அவர் கண்டார். தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் அவை எழும்பி நடந்தன. தவிட்டோடு போனது உயிர்ச்சத்து பி1 என்பது பின்னர் தெரியவந்தது. அந்த வழியைத் திறந்துவிட்டதற்காக அவருக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நமது மூத்தம்மாமார் நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றியபோது இந்தக் கதையெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பங்கு அரிசி மணிக்குள் ஊறிவிடுகிறது. புழுங்கல் அரிசி பச்சையரிசியை விட மேலானது என்பதற்கு அதுவே காரணம். அதோடு சிவப்பரிசியைத் தவிடு முழுக்கப் போகாமல் குற்றியெடுத்தால் நார்ச்சத்தும் மிஞ்சும். நார் இருந்தால் குளுக்கோஸ் இரத்தத்தில் மெதுவாக இறங்கும். மெதுவாகத்தான் இறங்கும், இறங்காமல் விடாது. சிவப்பரிசிச் சோறு என்று சொல்லி மலைபோல் குவித்தால் மெஷின் அதையும் காட்டிக்கொடுக்கும்.

இனிப் பீங்கானுக்கு வருவோம். நமது வீடுகளில் பகல் சாப்பாடு என்றால் பீங்கான் முழுக்கச் சோறு, ஓரத்தில் ஒரு மீன் துண்டு, மேலே ஆணம், தொட்டுக்கொள்ளச் சம்பல். பல நாட்களில் கூடவே உருளைக்கிழங்குக் கறி. சோற்றுக்குச் சோறே கறியான கதை அது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கும் மரவள்ளியும் சேராது. பீங்கானில் பாதியை இலைக்கறிக்கும் மற்ற மரக்கறிக்கும் ஒதுக்கி, கால்வாசியில் மீனோ முட்டையோ பருப்போ வைத்து, மிச்சக் கால்வாசியில் சோறு போட்டால் அந்த அளவுக்குக் கிட்ட வந்துவிடலாம். முதல் நாள் பார்க்க ஏதோ குறைந்த மாதிரித்தான் இருக்கும். எனக்கே இருந்தது.

இதற்கு ஓட்ஸும் ஒலிவெண்ணெயும் வாங்க வேண்டியதில்லை. முருங்கையிலை வேலியில் நிற்கிறது. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கங்குனும் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. கீரைச் சுண்டலை நமது பெண்கள் செய்கிற முறையே ஒரு பாடம். இலையை மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு, சட்டியில் இரண்டு பிரட்டுப் பிரட்டி, இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிவார்கள். இலையின் மஞ்சள் நிறச் சத்து உடம்பில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறும், ஆனால் உடம்பு அதை உறிஞ்சக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பூ அதைக் கொடுக்கிறது. இலையிலுள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராது. தேசிக்காயின் உயிர்ச்சத்து சி அதைச் சேர்த்துவைக்கிறது. அடுப்பில் வைத்துத் தேசிக்காய் பிழிந்தால் அந்தச் சத்துச் சூட்டில் அழியும், ஆகவே இறக்கிப் பிழிவதும் சரி. தேங்காய்ப்பூவில் நாரும் இருக்கிறது. கட்டித் தலைப்பாலில் அந்த நாரெல்லாம் சக்கையோடு போய்விடும்; கொழுப்பே மிஞ்சும். நெத்தலியும் அப்படித்தான், முள்ளோடு மென்று தின்றால் கல்சியமும் கிடைக்கும். விலை கூடிய பால்மாப் பைக்கற்றைத் தேடி அலையும் வீட்டில் நெத்தலியை ஏழைகளின் கறி என்று ஒதுக்குகிறார்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு, கை கழுவின ஈரம் காயுமுன் ஒரு பிளேன்டீ. தேயிலையின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. குறைந்தது ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கலாம். இரத்தச் சோகையுள்ள பெண்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இது சின்ன விஷயமல்ல. பிளேன்டீயில் போடும் சீனி வேறு கணக்கு. நாளைக்கு ஐந்து தரம், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராமைத் தாண்டும். சேர்க்கும் சீனி 50 கிராமுக்கு மேற்படக் கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குளிர்பானப் போத்தல்களில் 2016 முதல் நிறக்குறி போடுகிறார்கள். 2016இல் வந்த விதிப்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள் என்று இருந்தது. சிவப்பில்லையே என்று அந்த விதியின் 10 கிராம் மஞ்சள் போத்தலை 400 மில்லிலீற்றர் குடித்தவர் ஒரே மூச்சில் 40 கிராம் சீனி குடித்தார்.

நோன்பு மாதத்தில் இந்தத் தடுமாற்றம் இன்னும் நன்றாகத் தெரியும். பள்ளிக் கஞ்சியை எடுத்துப் பாருங்கள். அரிசியோடு இஞ்சி, உள்ளி, வெந்தயம், ரம்பை, கொஞ்சம் இறைச்சி, சில ஊர்களில் பயறும் சேரும். தண்ணீரும் உப்பும் இழந்த உடம்புக்கு ஏற்ற சாப்பாடு. அந்தக் கஞ்சியில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு, சமோசாவையும் கட்லட்டையும் ரோல்ஸையும் பொரித்த எண்ணெய் வடிய வடியத் தின்று, மேலே சிவப்புச் சர்பத் ஊற்றுகிறோம். பிறகு தராவீஹில் நிற்க முடியாமல் மூச்சு வாங்குகிறோம். கல்யாண வீட்டுச் சஹனிலும் ஆறு பேர் சுற்றியிருந்து, மற்றவர் என்ன நினைப்பாரோ என்று கையை இழுத்துக்கொள்ள வெட்கப்பட்டே பாதி வயிறு கூடுதலாக நிரம்புகிறது. கத்தரிக்காய் மோஜுவுக்கும் அச்சாறுக்கும் அந்தத் தட்டில் இருக்கிற இடத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வயிற்றில் மூன்றிலொரு பங்கு சாப்பாட்டுக்கு என்ற நபிமொழி ஜும்ஆ பயான்களில் அடிக்கடி வருகிறது. மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அறிவித்து திர்மிதியில் பதிவான அந்த ஹதீஸைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பவர் குறைவு. முதுகை நிமிர்த்தி வைக்கும் சில கவளங்கள் மனிதனுக்குப் போதும் என்பது அங்கே மூன்றிலொரு பங்குக்கு முன்பே வருகிறது. அதற்கு மேல் தின்றுதான் ஆகவேண்டும் என்பவனுக்குத்தான் மூன்றிலொரு பங்கு. நாம் எல்லையாகச் சொல்லப்பட்டதை இலக்காக எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக ஒன்று. 2005-06இல் நாடளாவிய ஆய்வொன்று வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் நீரிழிவைக் கண்டது. 2018-19இல் நடந்த இன்னொரு ஆய்வில் அது இருபதைத் தாண்டியிருந்தது. இந்த எண்களைப் படிக்கும்போது எனக்குக் கண்ணில் நிற்பது நமது குசினிதான். ஆம்பிளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் மீனும் இறைச்சியும் போய், பிறகு விருந்தாளிக்கும் போய், கடைசியாக உம்மா உட்காரும்போது சட்டியில் ஆணமும் பானையில் சோறும்தான் மிஞ்சியிருக்கும். வீட்டில் எவ்வளவு நல்ல சமையல் நடந்தாலும் அவவின் பீங்கானில் மாச்சத்து மட்டுமே விழும். டொக்டர் கொடுத்த சாப்பாட்டு அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது, ஆனால் அதில் எழுதியிருக்கிற மீன் துண்டை அவவுக்கென்று யாரும் எடுத்து வைப்பதில்லை. எங்கட வீட்டிலும் அதுதான் நடந்தது. தராசு வைத்த நாள் வரைக்கும் நானும் அதைக் கவனித்ததில்லை.

இப்போது உம்மாவின் பங்கை முதலில் எடுத்து மூடி வைக்கிறோம். ராவைக்கு ஒரு ரொட்டி, அதுவும் குரக்கன் மா கலந்து சின்னதாக. கூடவே கீரைச் சுண்டலும் மீனும். சாப்பிட்ட பிறகு மெஷின் காட்டும் எண் மூன்று மாதத்தில் இறங்கியது, போன கிளினிக்கில் டொக்டர் ஒரு குளிசையைக் குறைத்தார். அஸருக்குப் பிறகு குடிக்கும் தேத்தண்ணியில் மட்டும் இன்னும் ஒரு கரண்டி சீனி போடுறா. அதைப் பற்றி நான் கேட்பதில்லை.