உங்களுக்குத் தெரியுமா? கண்டியின் தூண்டில்முள் வெள்ளிக்காசு

கண்டி இராச்சியத்தில் 17ஆம் நூற்றாண்டில் புழங்கிய வெள்ளிக்காசுகளுள் ஒன்று, வட்டமாக அன்றித் தூண்டில் முள்ளைப்போல் வளைந்த தடித்த கம்பியாக இருந்தது. சிங்களத்தில் ‘கொக்கு ரிதி’ எனப்பட்ட இது, பாரசீகத்தின் லார் நகரப் பெயரால் வழங்கி இந்துமாக்கடல் வணிகத்தில் பரவிய ‘லாரின்’ என்னும் மடித்த வெள்ளிக்கம்பி நாணயத்தின் இலங்கை வடிவமாகும்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில், அரசனின் அனுமதியோடு இக்காசை எவரும் செய்யலாம் என்றும், தரத்தில் ஐயம் எழுந்தால் அதனைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி நீரில் இடுவர் என்றும், தூய வெண்மையாகாதது செல்லாது என்றும் குறிப்பிடுகிறார். ஆனால் ‘பணம்’ என்னும் சிறுகாசை அரசனையன்றி வேறெவர் அடித்தாலும் மரண தண்டனையே.

அக்காலத்து ஜேர்மன் சிற்றரசுகள் வெளியிட்ட ‘தாலர்’ என்னும் பெரிய வெள்ளிக்காசுகளில் பொதுவாக ஆட்சியாளரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதால், சேகரிப்போர் அவற்றை எளிதில் வரிசைப்படுத்துகின்றனர். கொக்கு ரிதியிலோ பெரும்பாலும் அரபு எழுத்தைப் போலச்செய்த தெளிவற்ற முத்திரையே காணப்படுவதால், அதன் காலத்தைக் கணிக்க, கிடைத்த இடமும் புதையலில் உடனிருந்த காசுகளும் துணையாகின்றன.